இரவல் பூசணி

இலண்டன் ஸ்ட்ரெதத்தில் பத்மநாதன் வாங்கிய வீட்டைப் பார்க்க வந்த குகதாசன், மேல்மாடி, கீழ்மாடி, பின்வளவு, கழிப்பறை ஆகிய அனைத்தையும் முறையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, முன்னறையின் நடுவே வந்து நின்று, இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு தீர்ப்பு வழங்கினார்.

“வீடு பரவாயில்லை. ஆனால் ஆசுப்பத்திரி வார்டு மாதிரியெல்லோ கிடக்கு. வாறவன் எதைப் பாக்கிறது? சுவரையோ?”

குகதாசன், பத்மநாதனுடைய மனைவி தவநாயகியின் தமையனார். தங்கையின் குடும்பத்தைப் பற்றித் தாம் எதைச் சொன்னாலும் அதனை அக்கறை என்றே கொள்ளவேண்டும் என்னும் உரிமையை எவரும் அவருக்கு வழங்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். பிளேஸ்டோவில் இருந்த அவருடைய வீட்டு முன்னறையில், ஒரு சுவர் முழுவதையும் கண்ணாடி அலுமாரி ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது. எவரும் ஒருநாளும் உண்டறியாத தட்டுகளும், எவரும் ஒருநாளும் குடித்தறியாத கிண்ணங்களும் அதற்குள்ளே வரிசையாக வீற்றிருந்தன. அலுமாரிக்கு உள்விளக்கும் உண்டு. விருந்தினர் வந்து அமர்ந்தால் குகதாசன் முதலில் அந்த விளக்கைப் போடுவார். தேநீர் அதன் பின்னரே வரும். “எல்லாம் ஜெர்மன் சாமான்” என்பார். காராயினும் கரண்டியாயினும், ஜெர்மனியில் செய்யப்பட்டதற்கு உலகில் நிகரில்லை என்பது அவர் கைக்கொண்ட சமயக் கொள்கைகளுள் ஒன்று.

பத்மநாதன் நிலக்கீழ் ரயில் நிலையமொன்றில் பயணச்சீட்டுக் கொடுப்பவர். கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து நாள்முழுதும் பிறருடைய அவமரியாதையைப் பொறுத்துப் பழகியவர். ஆயினும், பிறர் வீட்டு மாடியறைகளில் ஆண்டுக்கணக்காக ஒடுங்கிக் கிடந்து, எண்பத்தொன்பதாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருவாறு தமக்கெனத் தேடிக்கொண்ட வீட்டை ஒருவர் ஆசுப்பத்திரி என்று சொல்லிவிட்டுப் போவதை அவரால் பொறுக்க முடியவில்லை. அடுத்த மாதம் வீடு குடிபூரல் என்னும் புதுமனை புகுவிழா. குகதாசன் வருவார், அவருக்குப் பின்னால் பிளேஸ்டோ முழுவதும் வரும். அன்றைக்கு அவருடைய வாயை அடைக்கத்தக்க ஒரு பொருள் முன்னறையில் இருந்தேயாகவேண்டும் என்று பத்மநாதன் முடிவு செய்தார்.

அந்தப் பொருள் அடுத்த வீட்டில் இருந்தது.

அடுத்த வீட்டுக் கிறேற்றா மில்ஸ் அம்மையார் பிறப்பால் ஜெர்மானியர். போர் முடிந்த கையோடு ஆங்கிலேயப் படைவீரர் ஒருவரை மணந்து இலண்டனுக்கு வந்தவர். கணவரையும் அடக்கம் செய்துவிட்டுத் தனியே வாழ்பவர். பத்மநாதன் குடும்பம் சாமான்களை இறக்கிய அன்றே வேலிக்கு மேலாக ஒரு கேக்கை நீட்டியவர் அவர். பதிலுக்குத் தவநாயகி உளுந்துவடை கொடுத்தபோது, அதன் நடுவிலிருந்த துளையை நெடுநேரம் ஆராய்ந்து, “மிகத் துல்லியமான வேலை” என்று பாராட்டியவர். அன்றிலிருந்து இரு வீட்டாருக்கும் நல்ல உறவு.

ஒருநாள் அம்மையாருக்கு மின்குமிழ் மாற்றிக் கொடுக்கப் போன பத்மநாதன், அங்கிருந்த பக்கமேசையில் ஒரு பூசணிக்காயைக் கண்டார். பச்சையும் மஞ்சளுமாக வரிவரியாகப் புடைத்த காய். மூன்று வாரம் கழித்துப் போனபோதும் அது அங்கேயே இருந்தது. “இது அழுகிப் போகாதோ?” என்று அவர் கவலையோடு கேட்க, அம்மையார் சிரித்துக்கொண்டு காம்பைப் பிடித்துத் தூக்கினார். மூடி வந்தது. உள்ளே பால்போல் வெண்மை, ஒன்றும் இல்லை.

அது காயன்று, சூப் பரிமாறும் பாத்திரம். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்றார் அம்மையார். மண்ணால் வனைந்து சுட்டு, வெள்ளீயம் கலந்த வெண்பூச்சைப் பூசி, அப்பூச்சின்மீது வண்ணம் தீட்டி மறுபடியும் சுடுவார்களாம். ஃபயான்ஸ் என்று பெயராம். காயைத் தாங்கியிருந்த தட்டும் இலைகளாலேயே ஆனது. ஒவ்வோர் இலையும் ஓரத்தில் நெளிந்து, சுருண்டு, பக்கத்து இலையோடு கோபித்துக்கொண்டதுபோல் முகம் திருப்பியிருந்தது. மூடியின் உச்சியில் முறுக்கிய காம்பு. காம்பில் ஒரு மஞ்சட்பூ. பூவுக்கு அருகில், என்ன நியாயத்தினாலோ, ஒரு நத்தை. நேர்கோடு என்பது அந்தப் பாத்திரத்தில் மருந்துக்கும் இல்லை. இப்படி வளைத்தும் நெளித்தும் செய்வது ரோக்கோகோ என்னும் பாணியாம். பிரபுக்கள் தம் விருந்தினரை ஏமாற்றி மகிழ்வதற்காக இத்தகைய பாத்திரங்களை மேசையில் வைப்பார்களாம். காய் என்று எண்ணியிருந்தவர் மூடியைத் திறந்தால் ஆவி பறக்கும் சூப் இருக்குமாம். பெரிய மனிதர்களுடைய பொழுதுபோக்கு எக்காலத்திலும் எந்நாட்டிலும் இந்த அளவில்தான் இருந்திருக்கிறது.

“என் ஊரில் எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான், மிஸ்ரர் நாதன்” என்றார் அம்மையார். “இரண்டு போர்களுக்குத் தப்பியது. கப்பலில் என் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வழியில் வாயோரத்தில் இவ்வளவு மட்டும் உதிர்ந்துவிட்டது.” அவர் காட்டிய இடத்தில் சுண்டுவிரல் நகமளவு பூச்சு பெயர்ந்து, அடியிலிருந்த வெறும் மண் தெரிந்தது.

பத்மநாதனுக்கு வரலாறு வேண்டியிருக்கவில்லை. ஜெர்மன் என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்தது. குடிபூரல் அன்று ஒருநாள் மட்டும் அலங்காரத்துக்காகத் தரமுடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அம்மையார் சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தார். நிலத்தில் வைக்கக்கூடாது, பிள்ளைகள் தொடக்கூடாது, சூப் ஊற்றவே கூடாது. தாமும் பின்னேரம் வந்து, விருந்தினர் நடுவில் அது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதாகச் சொன்னார்.

தவநாயகி அதைக் கேட்டதும் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார்.

“உங்களுக்கென்ன விசரே? ஆற்றையோ வீட்டுச் சாமான். உடைஞ்சால் என்ன செய்யிறது?”

“ஏன் உடையுது? மூலைமேசையிலை வைச்சால் ஆர் தொடப்போகினம்?”

“ஆற்றை எண்டு அண்ணை கேட்டால்?”

“கேட்டால் பாப்பம்.”

“பாப்பமோ? உங்கடை எண்டு சொல்லப் போறியள். எனக்குத் தெரியாதே உங்களை!”

“இஞ்சாரும், நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை. அது பாட்டுக்கு மேசையிலை இருக்கும். பாக்கிறவன் தன்ரை பாட்டுக்கு நினைச்சால் நான் என்ன செய்ய?”

இப்படித் தொடங்கும் நேர்மை எங்கே போய் முடியும் என்பது தவநாயகிக்குத் தெரியும். ஆயினும், பிளேஸ்டோ அலுமாரியின் விளக்கை எண்ணிப் பார்த்தபோது, அவரும் அதற்கு மேல் வாதாடவில்லை.

குடிபூரல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுபவேளை மதியத்துக்குப் பின்னரே வாய்த்திருந்தது. குகதாசன், தாம் மட்டும் சுமக்கத்தக்க பொறுப்பு என்பதுபோல் ஒரு பெரிய பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பெட்டியிலிருந்து வெளிவந்தது ஒரு ஜாடி. வெள்ளை ஜாடி, பொன்முலாம் பூசிய கைப்பிடிகள், சுற்றிவர ரோசாப்பூக்கள். இரு பக்கங்களிலும் சிறகு முளைத்த குழந்தைகள் இருவர், ஒரு திராட்சைக் குலைக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவருக்கு இரண்டு கண்களும் ஒரே பக்கத்தில் தீட்டப்பட்டிருந்தன. மூடி முடிபோல் இருந்தது. அதை அவர் அறையின் நடுமேசையில் வைத்து, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, “ஒரிஜினல் ஜெர்மன் சாமான். வடிவாப் பாவியுங்கோ” என்றார்.

“வடிவாயிருக்கு” என்று சொல்லவேண்டிய நாற்பதுபேரும் அதைச் சொன்னார்கள். நல்லொழுக்கம் சில வேளைகளில் பொய்யை விடக் கொடியது.

அப்பொழுதுதான் குகதாசனுடைய கண் மூலைமேசைக்குப் போயிற்று. அவர் கிட்டப் போனார், குனிந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“இதென்ன இது?”

“ஜெர்மன்” என்றார் பத்மநாதன், மிகச் சாதாரணமாக. “ஃபயான்ஸ். இருநூறு வருஷத்துக்கு மேலை பழசு.”

“ஜெர்மனோ?” குகதாசனுடைய குரல் இறங்கியது. “உம்மட்டை எப்பிடி வந்தது?”

இரவல் என்ற ஒற்றைச் சொல் பத்மநாதனுடைய நாக்கின் நுனிவரையில் வந்தது உண்மை. ஆனால் மைத்துனருடைய முகத்தில் அன்றுவரை அவர் கண்டிராத ஒரு வாட்டத்தைக் கண்டார். அது தந்த இன்பத்தில் அந்தச் சொல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

“இப்பிடியான சாமான் எங்களிட்டை இன்னும் ரெண்டு கிடக்குது, மச்சான். வைக்க இடமில்லை; மேலை போட்டிருக்கிறன்.”

பால் காய்ச்சப் பானையோடு போய்க்கொண்டிருந்த தவநாயகி, அந்த இடத்திலேயே நின்று கணவரைப் பார்த்தார். பத்மநாதன் கூரையைப் பார்த்தார்.

ஓமம் முடிந்தது, பால் பொங்கியது. ஐயருக்கு ஆர்ச்வேயில் வேறோர் அலுவல் இருந்தபடியால், “ராகுகாலத்துக்கு முன்னம் பூசணிக்காயை வாசலில் உடைச்சுப் போடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். உடனே குகதாசன் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். சடங்கு என்று வந்துவிட்டால், ஐயர் போனபின் ஐயர் அவர்தான். “உடைச்ச பிறகுதான் சாப்பாடு” என்று சபைக்கு அறிவித்தார். காலையில் தேநீர் மட்டும் குடித்துவிட்டு வந்து சேர்ந்த கூட்டம் அந்த அறிவிப்பை மகிழ்ச்சியோடு ஏற்கவில்லை, ஆனாலும் ஏற்றுக்கொண்டது.

நீற்றுப்பூசணி ஒன்றைத் தவநாயகி முன்கூட்டியே கடைக்காரரிடம் சொல்லிவைத்து எடுப்பித்திருந்தார். அதன் தலையை வெட்டித் துளைத்து, உள்ளே குங்குமமிட்டு, வெட்டிய துண்டால் மூடி, மேலே கற்பூரம் கொளுத்தி, வீட்டுக்கு மூன்றுமுறை சுற்றிக் காட்டி, வாசலில் போட்டு உடைக்கவேண்டும். வீட்டின்மீது விழுந்த கண்ணூறெல்லாம் அதனோடு சிதறிப் போகும். அதை எடுக்கச் சமையலறைக்குப் போன தவநாயகி வெறுங்கையோடு நின்றார்.

அங்கே ஆட்சி செய்துகொண்டிருந்தவர் பியற்றிஸ் அக்கா. மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர், தவநாயகியோடு வேலை செய்பவர், பங்குக் கோவில் திருநாட்களில் பெரும் பந்திக்குச் சமைத்துப் பழகிய கை. உதவிக்கென்று விடியற்காலையிலேயே வந்திருந்தார்.

“பியற்றிஸ் அக்கா, இதிலை கிடந்த நீத்துப்பூசினி எங்கை?”

“அந்தா” என்று அகப்பையால் அடுப்பைக் காட்டினார் பியற்றிஸ் அக்கா. “மோர்க்குழம்பு. உப்புப் பாக்கிறியோ?”

“ஐயோ அக்கா! அது வாசலிலை உடைக்கிறதுக்கெல்லோ வாங்கினது!”

“உடைக்கவோ? குசினிக்குள்ளை பூசினிக்காய் கிடந்தால் கறிக்கெண்டு நினைக்காமல் பந்தடிக்கவெண்டே நினைக்கிறது?”

“தோலாவது முழுசாக் கிடக்கோ?”

“தோலிலை துவையல் அரைச்சாச்சு. விதை குப்பைக்குள்ளை கிடக்கு. வேணுமெண்டால் அதை உடை.”

செய்தி முன்னறைக்கு வந்தது. கூடியிருந்தோர் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடை என்றால், ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருந்த மூலைக்கடையில் தகரத்தில் அடைத்த அன்னாசியே இருந்தது. எலுமிச்சங்காய் என்றார் ஒருவர். “அது காருக்கு” என்று தள்ளினார் குகதாசன். கோவா, அதாவது முட்டைக்கோசு, என்றார் இன்னொருவர். “கோவா உடையாது, உருளும். கண்ணூறு உருண்டு உருண்டு திரும்பி வீட்டுக்குள்ளை வரும்.” தேங்காயை ஐயர் முன்னரே உடைத்திருந்தார். சுவர்க்கடிகாரம் ராகுகாலத்தை நோக்கி நடந்தது. சமையலறையிலிருந்து வந்த மோர்க்குழம்பின் மணம், மேற்கொண்டு எவரையும் யோசிக்கவிடாமற் செய்தது.

அப்பொழுது குகதாசன் மூலைமேசையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“பூசினியை வீட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு பூசினி தேடுறியள்.”

எல்லாரும் சிரித்தார்கள். பத்மநாதனும் சிரித்தார். குகதாசன் சிரிக்கவில்லை.

“நான் பகிடி விடேல்லை. உருண்டை, உள்ளுக்குள்ளை வெறுமை, மேலை மூடி. வெட்டித் துளைக்கிற வேலையும் மிச்சம்.”

“மச்சான், அது சாமானெல்லோ!”

“சாமானெண்டால்? வந்த சனம் முழுக்க இண்டைக்குக் கண்வைச்சது எதிலை? வீட்டிலையோ? அதிலைதான். கண்பட்டதை உடைச்சால்தான் கண்ணூறு கழியும்.” அருகில் இருந்த முதியவர்கள் இருவர், நியாயந்தான் என்று தலையசைத்தார்கள். “அதோடை, உம்மட்டை இன்னும் ரெண்டு கிடக்கெண்டு நீர்தானே சொன்னீர்? மூண்டிலை ஒண்டு போனால் என்ன குறைஞ்சு போகும்? வீடு நல்லா இருக்கவேணுமெண்டு உடைக்கிற சாமானுக்கு ஆரும் விலை பாக்கிறேல்லை.”

உடைந்தால், தம் அலுமாரிக்குப் போட்டியாக வந்த ஒன்று ஒழிந்தது. உடைக்க மறுத்தால், ‘இன்னும் ரெண்டு’ என்பது பொய்யென்று நாற்பது பேருக்கு முன்னால் வெளிச்சமாகும். குகதாசனுக்கு எந்தப் பக்கத்திலும் நட்டமில்லை. பத்மநாதனுக்கோ எந்தப் பக்கத்திலும் வழியில்லை.

“அது தட்டோடை ஒட்டினது” என்றார் பத்மநாதன்.

குகதாசன் போய்த் தூக்கிப் பார்த்தார். “ஒட்டேல்லை.”

“லேசிலை உடையாது, மச்சான். ஜெர்மன் சாமான்.”

“உடையாதெண்டால் பிறகென்ன பயம்?”

“மச்சான், ஒரு அஞ்சு நிமிஷம்...”

“அஞ்சு நிமிஷத்திலை ராகுகாலம். சனம் பசியிலை நிக்குது. தங்கச்சி, குங்குமத்தைக் கொண்டா.”

தவநாயகி குங்குமத்தைக் கொண்டுவரவில்லை. வேறொருவர் கொண்டுவந்தார், ஊருக்கு உதவ ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. குங்குமம் கரைத்த நீர் பால்வெண்மையான உட்புறத்தில் சிவப்பாக ஓடியது. மூடி மூடப்பட்டது. நத்தைக்கும் பூவுக்கும் இடையில் கற்பூரம் வைத்துக் கொளுத்தப்பட்டது. தட்டை மேசையில் விட்டுவிட்டுப் பாத்திரத்தைப் பத்மநாதனுடைய இரு கைகளிலும் வைத்தார்கள். வீட்டுக்குரியவரே உடைக்கவேண்டும் என்பது முறை. அவர் அதனைக் கடன்காரனுடைய பிள்ளையைத் தூக்கியவர்போல் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். “இஞ்சாருங்கோ, சொல்லுங்கோவன்” என்று தவநாயகி பின்னால் வந்து காதுக்குள் கெஞ்சினார். “சொல்லுறன், சொல்லுறன்” என்றார் பத்மநாதன், ஆனால் சொல்லவில்லை. ஒருமுறை சுற்றினார். இரண்டாம் முறை சுற்றினார். மூன்றாம் முறையை, ஒரு மனிதன் தன் காலுக்குத் தானே விலங்கிட்டுக்கொண்டு சுற்றக்கூடிய அளவு மெதுவாகச் சுற்றினார்.

“தூக்கும். தலைக்கு மேலை தூக்கும்” என்றார் குகதாசன்.

பத்மநாதன் தூக்கினார். அந்நேரம் அடுத்த வீட்டு வாசற்படலை திறந்தது.

மில்ஸ் அம்மையார் நீலநிற உடையணிந்து, கையில் ஆப்பிள் கேக்கோடு வந்துகொண்டிருந்தார். மக்கள் கூட்டத்தின் நடுவே, தலைக்கு மேலே, தீபம் எரிய உயர்ந்து நிற்கும் தம் பூசணியைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. கேக்கைப் படலைத் தூணின்மேல் வைத்துவிட்டுக் கைதட்டினார். இவ்வளவு மரியாதையை அது தன் ஆயுளில் கண்டதில்லை என்று ஆங்கிலத்தில் வியந்தார்.

“என்னவாம்?” என்று கேட்டது கூட்டம்.

“வடிவா இருக்காம்.”

“இனி என்ன செய்வீர்கள்?” என்று அம்மையார் ஆவலோடு கேட்டார்.

அயலவர்களுக்கு நம் பண்பாட்டை விளக்கும் வாய்ப்பை ஒருபோதும் நழுவவிடாதவர் குகதாசன். அவர் நெஞ்சை நிமிர்த்தி, திருத்தமான ஆங்கிலத்தில், “இனி இவர் இதைத் தரையில் அடித்து உடைப்பார், மடம்” என்றார்.

அம்மையார் கத்தவில்லை, ஓடிவரவுமில்லை. தட்டிய கைகள் தட்டியபடியே நின்றன. அவர் பத்மநாதனைப் பார்த்தார். அவ்வளவுதான். கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவருடைய பார்வை அது. பயணச்சீட்டுக் கண்ணாடி எதுவும் அதனைத் தடுத்திருக்க முடியாது.

பத்மநாதன் கைகளை இறக்கிப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். கற்பூரச்சுடர் அவருடைய மீசையில் சிறிதைப் பொசுக்கியது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

“மச்சான், இது என்ரை இல்லை. இரவல். இந்த அம்மாவின்ரை. மற்ற ரெண்டும் இல்லை. மேலை ஒண்டுமே இல்லை. ஒரு பழைய கட்டிலும் ரெண்டு சூட்கேசும்தான் கிடக்கு.”

தெருவில் போன பேருந்துகூட அந்நேரம் நின்றிருந்தது போலும். ஒவ்வொரு சொல்லும் அனைவருக்கும் தெளிவாகக் கேட்டது.

“எனக்குக் கண்டவுடனையே தெரியும்” என்றார் குகதாசன். அதனை ஒருமுறை சொன்னது போதாதென்று, வலப்பக்கம் நின்றவர்களுக்கும் இடப்பக்கம் நின்றவர்களுக்கும் தனித்தனியே சொன்னார். “ரெண்டு கிடக்காம், ரெண்டு! மேலை போட்டிருக்கிறாராம்!”

தவநாயகி அதற்குள் அம்மையாரிடம் போய், தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மோர்க்குழம்பிலிருந்து தொடங்கி நடந்தது முழுவதையும் கண்கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மையார் பத்மநாதனுடைய கையிலிருந்து தம் பாத்திரத்தை வாங்கி, முதலில் கற்பூரத்தை ஊதி அணைத்தார். பிறகு, எவரும் எதிர்பாராத வண்ணம், சிரித்தார்.

தம் ஊரிலும் இந்த வழக்கம் உண்டென்றார் அவர். திருமணத்துக்கு முதல்நாள் உற்றார் உறவினர் மணப்பெண்ணின் வீட்டு வாசலுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைப்பார்களாம். மண்பாத்திரம் உடையும் ஓசைக்குக் கேடெல்லாம் ஓடிவிடுமாம். தம் திருமணத்தின்போது போர் முடிந்த காலம். உடைப்பதற்குக்கூட, இதைத் தவிர, ஊரில் முழுதாக ஒரு பாத்திரம் இருக்கவில்லையாம்.

“ஆனால் நாங்கள் நல்லதை உடைப்பதில்லை” என்றார் அம்மையார். “வீட்டில் எவருக்கும் பிடிக்காத பாத்திரத்தைத் தேடிப் பிடித்து, அதைத்தான் உடைப்போம். இங்கே எவருக்கும் பிடிக்காதது எது?”

தவநாயகி தமிழில் திருப்பிச் சொன்னார்.

அதை வாய்விட்டுச் சொல்லும் அளவுக்குப் பண்பு கெட்டவர்கள் அங்கே எவரும் இல்லை. ஆனால் கண்களுக்குப் பண்பு கற்பித்தவர் யார்? நாற்பதுபேருடைய எண்பது கண்களும், உடையவர்களுடைய அனுமதியின்றியே, திறந்திருந்த கதவினூடாக நடுமேசைக்குப் போயின. சிறகு முளைத்த குழந்தைகள் அங்கே இன்னமும் திராட்சைக்குச் சண்டையிட்டுக்கொண்டிருந்தனர்.

அம்மையார் அந்தக் கண்களைப் பின்தொடர்ந்து உள்ளே போனார். தம் பாத்திரத்தை இலைத்தட்டின்மேல் வைத்துவிட்டு, ஜாடியைத் தூக்கினார், கவிழ்த்து அடிப்புறத்தைப் பார்த்தார், ஒரே பக்கத்தில் இரண்டு கண்கள் கொண்ட குழந்தையை நெடுநேரம் பார்த்தார், ஏதோ சொன்னார்.

“என்னவாம்?”

“தங்கடை நாட்டிலை இப்பிடிச் செய்யிறேல்லையாம்” என்று தவநாயகி மொழிபெயர்த்தார். பல ஆண்டுகளாக எதையும் இவ்வளவு மனநிறைவோடு அவர் சொன்னதில்லை.

“தங்கச்சி! அது நான் தந்த...” என்று தொடங்கினார் குகதாசன்.

“ஓம் அண்ணை. வீடு நல்லா இருக்கவேணுமெண்டு உடைக்கிற சாமானுக்கு ஆரும் விலை பாக்கிறேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

சமையலறை வாசலில் அகப்பையோடு பியற்றிஸ் அக்கா தோன்றினார். “குகதாசண்ணை, ஆர் எண்டாலும் கெதியா உடையுங்கோ. சோறு ஆறுது. நீங்கள்தானே சபையிலை மூத்தவர்?”

“ஓம், ஓம், மூத்தவர் உடைக்கட்டும்!” என்று பசித்த கூட்டம் ஒருமனதாக ஆமோதித்தது.

இவ்வாறாக, பூசணியின் குங்குமநீரை மாற்றி ஊற்றிய ஜாடியைத் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு வாசலில் நின்றவர் குகதாசன். ராகுகாலம் பிறக்க நொடிகளே இருந்தன. அவர் ஒருமுறை ஜாடியைப் பார்த்தார். ஒருமுறை மைத்துனரைப் பார்த்தார். பின்னர்க் கண்களை மூடிக்கொண்டு போட்டார். அது ஜெர்மனியில் செய்யப்பட்டதோ இல்லையோ, உடையும்போது குறை வைக்கவில்லை. செந்நீர் படலை வரையில் தெறித்தது. குழந்தைகளுள் ஒருவருடைய தலை, இரண்டு கண்களும் வானத்தைப் பார்க்க, தெருவைக் கடந்து உருண்டு போயிற்று. மில்ஸ் அம்மையார் தம் மொழியில் ஏதோ கூவிக் கைதட்டினார். தெருவில் நாயோடு வந்த வெள்ளைக்காரர் ஒருவர், நாயைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு மறுபக்கத்துக்குப் போனார்.

தவநாயகி பூசணிப் பாத்திரத்தைத் தாமே கழுவினார். பூச்சின்மேல் ஒட்டியிருந்த குங்குமம் முழுவதும் வழுக்கிக்கொண்டு போயிற்று. பூச்சுப் பெயர்ந்த அந்த நகமளவு இடத்தில் மட்டும் வெறுமண் சிவப்பைக் குடித்துவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அவர் அதைக் கொண்டுவந்து காட்டினார். அம்மையார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, தவநாயகியின் நெற்றியைப் பார்த்தார். மறுபடியும் பாத்திரத்தைப் பார்த்தார். “உங்களுக்கு இருப்பதுபோலவே” என்றார். பத்மநாதனிடம் மட்டும் வேறொன்று சொன்னார்: “மிஸ்ரர் நாதன், அடுத்தமுறை எதையாவது இரவல் கேட்கும்போது, எதற்காக என்று முழுவதையும் சொல்லுங்கள்.” பத்மநாதன் பொசுங்கிய மீசையைத் தடவிக்கொண்டு, சரி என்றார்.

பின்பு அம்மையார், தாம் விதித்த விதியைத் தாமே மீறினார். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், பியற்றிஸ் அக்காவிடம் நீட்டினார். அது முன்னறைக்குத் திரும்பி வந்தபோது, சாப்பாட்டு மேசையின் நடுவில், இலைத்தட்டின்மேல், மூடியோடு வீற்றிருந்தது. கோபத்தோடு சோற்றை மட்டும் பிசைந்துகொண்டிருந்த குகதாசன், குழம்பு எங்கேயென்று கேட்டார். எல்லாரும் பூசணியைக் காட்டினார்கள். அவர் நத்தையைப் பிடித்து மூடியைத் தூக்கினார். ஆவி பறந்தது. உள்ளே, வாசலில் உடைந்திருக்கவேண்டிய நீற்றுப்பூசணி, துண்டு துண்டாக மோரில் மிதந்துகொண்டிருந்தது. அவர் மூன்றுமுறை ஊற்றிக்கொண்டார். நான்காம் முறை, அகப்பையை நீட்டியபடியே பத்மநாதனைப் பார்த்து, “மற்ற ரெண்டிலையும் என்ன கறி?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அன்றோடு ஒழியவில்லை. பிளேஸ்டோவில் பிறந்து, ஈஸ்ற்ஹாம் வழியாக ஊரெல்லாம் போய், நிலக்கீழ் ரயில் ஏறிப் பத்மநாதனுடைய வேலைத்தலத்துக்கே வந்து சேர்ந்தது. ஒருநாள் காலை, முன்பின் அறியாத தமிழர் ஒருவர் பயணச்சீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்:

“அண்ணை, ஆர்ச்வேக்கு மூண்டு ரிக்கற். இப்ப ஒண்டைத் தாங்கோ. மற்ற ரெண்டும் மேலை கிடக்கட்டும்.”